புழு வீட்டு அம்மா

எனக்குக் காது கொஞ்சம் கூர்மை என்று ஒரு நினைப்பு உண்டு. என் கதைகளைப் படித்தவர்கள் மற்ற விஷயங்களைப் பற்றி என்ன சொன்னாலும், "பேச்சு மட்டும் அச்சு அசலா இருக்குங்க" என்று முடிப்பார்கள். அப்படி யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவாது. மின்வாரிய அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர், நான் பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதே ஊரார் பேச்சை ஒட்டுக் கேட்கத்தான் என்று கிண்டல் செய்வார். கடத்தூரில் பிறந்து வளர்ந்து, தர்மபுரியில் குடித்தனம் நடத்தி, இந்த மாவட்டத்து டவுன் பஸ்களில் பாதி ஆயுளை நின்றுகொண்டே கழித்தவள் நான். அரூர்ப் பக்கம் எப்படி இழுப்பார்கள், பென்னாகரம் பக்கம் எப்படி வெட்டிப் பேசுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மே மாதம் ஒரு கோடை முகாமில் எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, ஜன்னலைத் திறந்தால் சித்தேரி மலை தெரிகிற ஒரு தனியார் பள்ளிக்கூடம். விடுமுறையில் விடுதி காலியாகக் கிடக்கும் என்பதால் அங்கேயே தங்கிப் படிக்க ஏற்பாடு. ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகள், மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்திருந்தார்கள். காலையில் ஆங்கிலம், பிறகு என் வகுப்பு, மாலையில் ஓவியம், விளையாட்டு. ஆசிரியர்களும் அங்கேயே தங்க வேண்டும். அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பருத்திப் புடவைகளை அதிகமாகவே எடுத்து வைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர், "அங்க போயும் பசங்களத் திட்டாத" என்று வழியனுப்பினார்.

முதல் நாள் யாருடைய பெயரும் மனதில் நிற்கவில்லை. அதனால் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். "ஏ கம்பைநல்லூர், கதவச் சாத்து", "பாலக்கோடு, சத்தமா படி" என்று. பிள்ளைகளுக்கும் அது பிடித்துவிட்டது. பெயரெல்லாம் தெரிந்த பிறகும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொண்டார்கள். இந்தப் பெண்ணின் கிராமம் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில். அவ்வளவு நீளமாகக் கூப்பிட முடியாமல் "ஹள்ளி" என்று சுருக்கிவிட்டேன். ஒல்லியாக, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கம்பைநல்லூரும் இவளும் ஒரே அறை. அந்தப் பெண் வாய் மூடாது. இவள் வாய் திறக்க மாட்டாள். இரண்டு பேரும் எங்கே போனாலும் சேர்ந்தே போவார்கள்.

என்னுடைய பாடம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் எத்தனையோ விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் பேசுகிற மாதிரி எழுது. இந்தப் பிள்ளைகளுக்குப் பேனாவைக் கையில் எடுத்த உடனே முதுகு நிமிர்ந்து, தொண்டை கனைத்துக்கொண்டு, பேச்சுப் போட்டித் தமிழ் வந்துவிடும். அம்மா "கூறுவாள்", அப்பா "வினவுவார்", ஆடு கூட "புல்லை உண்டு மகிழும்". எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அதனால் முதல் வாரத்திலேயே ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் வீட்டில் ஒருவர் தினமும் செய்கிற ஒரு வேலையை எழுதுங்கள், அந்த வேலையைச் செய்யும்போது அவர் என்ன பேசுகிறாரோ அதையும் எழுதுங்கள் என்றேன்.

ஹள்ளி தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். அவர்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த தனி அறை, அதற்குப் புழு வீடு என்று பெயர். அம்மா அதற்குள் போகும் முன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொள்வார். பவுடர் பூசியவர்கள், தலைக்கு வாசனை எண்ணெய் வைத்தவர்கள் யாரும் உள்ளே போகக் கூடாது, வாடை பட்டால் புழு சாப்பிடாது. விருந்தாளிகள் வந்தால் புழு வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் காப்பி போடுவார். மல்பெரி இலையை நறுக்கித் தட்டுகளில் தூவிவிட்டு அம்மா அங்கேயே குனிந்து நின்று புழுக்களோடு பேசுவார். வெளியே கோபக்காரியாக இருக்கிற அம்மா உள்ளே போனால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார் என்று எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறாளே என்று மகிழ்ச்சியாக இருந்தது. அப்புறம் அந்த அம்மா வாய் திறந்தார். "உண்ணுங்கள் செல்வங்களே! வயிறார உண்ணுங்கள்!"

எனக்கு வந்ததே கோபம். நல்ல சோற்றில் கல் கடித்த கோபம். வகுப்பு நடுவில் நின்றுகொண்டு அந்த வரியை டி.வி. செய்தி வாசிக்கிற குரலில், கையைக் கூப்பிக்கொண்டு வாசித்துக் காட்டினேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. சிரிப்பு வந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் வாய் நீளும்.

"ஏம்மா, உங்க அம்மா என்ன தமிழ் டீச்சரா?"

"இல்லைங்க மிஸ்."

"பின்ன? புழுவுக்கு மேடைப் பேச்சா பேசுவாங்க? வூட்ல எப்படிப் பேசறாங்களோ அப்படி எழுது."

அவள் எழுந்து நின்றவள் உட்காரவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். "அப்படியே எழுதணுங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"அப்படியேதான். ஒரு வார்த்தை மாத்தாம."

தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவள் கேட்டதற்குள் வேறொரு கேள்வி இருந்தது, எனக்கு அது ஒரு பாடச் சந்தேகமாக மட்டுமே பட்டது. அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, "ஏன் கேக்கற?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் அதற்குள் அடுத்த பிள்ளையின் ஆட்டைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். "எங்கம்மா" என்று இருந்த இடமெல்லாம் "புழு வீட்டு அம்மா" என்று ஆகியிருந்தது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா மாறிப்போயிருந்தார். "அடியே, பவுடரு கிவுடரு பூசிக்கிட்டு புழு வூட்டுக்குள்ள கால வெச்சீன்னா கால ஒடிச்சுப்புடுவேன் பாத்துக்க" என்று வாசலிலேயே மகளை நிறுத்தினார். உள்ளே போய் இலையைத் தூவிவிட்டு, "தின்னுங்க சாமீ, வவுறு ரொம்பத் தின்னுங்க. ஏஞ்சாமி நீ மட்டும் ஓரமாப் படுத்துக்கிட்ட? ஒடம்புக்கு முடியலையா? எந்திரி கண்ணு, ஒரு வாயி தின்னுட்டுப் படுத்துக்கலாம்" என்று கொஞ்சினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வார்த்தைக்கு வார்த்தை உயிர் இருந்தது. "ஒரு வாயி தின்னுட்டுப் படுத்துக்கலாம்" என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. வகுப்பில் இரண்டு முறை வாசித்தேன். பையன்களுக்குத் தனியாக நடந்த வகுப்பிலும் போய் வாசித்தேன். முகாம் பொறுப்பாளர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மைக் கிடைத்தால் விடாதவர், அவரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். போனில் படம் எடுத்து எழுதுகிற நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அடுத்த அரை மணியில் கைகூப்பிய பொம்மைகளாகக் கொட்டின. "இந்தப் பெண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் ஒருவர். "ஒரே நாளில் எப்படி இப்படி மாற்றினீர்கள்?" என்று கேட்டார் இன்னொருவர். "நான் என்ன செய்தேன், கூச்சத்தைப் போக்கிவிட்டேன், அவ்வளவுதான்" என்று அடக்கமாகப் பதில் போட்டேன். அடக்கமாம்.

நான் வாசிக்கும்போதெல்லாம் ஹள்ளி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பைநல்லூர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோழிக்குப் பாராட்டு கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று விட்டிருந்தார்கள். காலையிலிருந்தே பஸ்ஸிலும் பைக்கிலும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். தூக்குவாளி, முறுக்குப் பொட்டலம், பை நிறைய மாம்பழம். விடுதிச் சாப்பாட்டை வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்த பிள்ளைகள் மைதானத்து மர நிழல்களில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து வீட்டுச் சோற்றை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "ஏஞ்சாமி இப்படி எளைச்சுப் போய்ட்ட? ஒரு வாயி தின்னு கண்ணு, தின்னுட்டு அப்பறமா பேசிக்கலாம்." என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நான் தாளில் படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்ட அதே அம்மா, உடம்போடு வந்து உட்கார்ந்து கறிக்குழம்பு பிசைந்துகொண்டிருந்தார். மஞ்சள் புடவை, பெரிய மூக்குத்தி, ஊருக்கே கேட்கிற தொண்டை. எழுந்து வேகமாகப் போனேன். இரண்டு கைகளையும் கூப்பினேன்.

"உங்கள எனக்கு நல்லாத் தெரியுங்க. புழு வூட்ல நீங்க என்ன பேசுவீங்கன்றது வரைக்கும் தெரியும்!"

அந்த அம்மா திருதிருவென்று விழித்தார். "புழுங்களா? எங்கூட்ல ஏதுங்க புழு? ஆடுதாங்க வெச்சிருக்கறோம்."

அவருக்குப் பின்னாலிருந்து எலும்பைக் கடித்தபடி எட்டிப் பார்த்தது கம்பைநல்லூர். என்னைக் கண்டதும் எலும்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். யாரோ ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்தேன். ஹள்ளியைத் தேடினேன். மைதானத்தின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில், மற்றவர்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். கூட அவள் அம்மா. மெலிந்த உடம்பு, வெளுத்துப்போன ஊதாப் புடவை, கையில் களி உருண்டையை வைத்துக் குழம்பில் தொட்டு மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கமாகப் போனதால் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மா மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். இவளும் அதே மெல்லிய குரலில் பதில் சொன்னாள். கன்னடம். "ராத்திரி ஊட்டா மாடிதியா?" என்ற ஒன்று மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. ராத்திரி சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வாயில் இருந்ததை மென்று முடிக்காமலே எழுந்துவிட்டாள். அம்மாவும் எழுந்து, எச்சில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "வணக்கங்க" என்றார். நல்ல தமிழ்தான் பேசினார். ஆனால் சந்தையில், பஸ்ஸில், ஆபீசில் மட்டும் தமிழ் பேசுகிறவர்கள் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து வைத்தார். புள்ள நல்லா படிக்குதுங்களா என்று கேட்டார். நல்லா எழுதறா என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் மாவட்டத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. எல்லைக்குப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டில் கன்னடமும் தெருவில் தமிழுமாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். தெலுங்கு பேசுகிற வீடுகளும் இருக்கின்றன. நானும் இதையெல்லாம் பஸ்ஸில் கேட்டு வளர்ந்தவள்தான். அந்தப் பெண்ணை "ஹள்ளி" "ஹள்ளி" என்று, கிராமத்துக்கான கன்னடச் சொல்லாலேயே, வாய் வலிக்கக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வீட்டில் பேசுகிற மாதிரி எழுது என்கிறோமே, வீட்டில் இவர்கள் என்னதான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லா வீட்டிலும் கடத்தூர் மாதிரியே பேசுவார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பெற்றோர்கள் போன பிறகு, நான் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது அவளே வந்தாள். தனியாக வந்தாள்.

"மிஸ், அது எங்கம்மா பேசறது இல்லைங்க."

"தெரிஞ்சுது."

"கம்பைநல்லூர் அம்மா அவங்க ஆட்டுக்கிட்ட பேசறதுங்க. நான் கேட்டேன், அவ சொன்னா. ரெண்டு பேரும் சேந்து எழுதுனோம்." கொஞ்சம் நிறுத்தி, "எங்கம்மா கன்னடத்துலதான் பேசும். நீங்க அப்படியே எழுதச் சொன்னீங்க. அப்படியே எழுதுனா அல்லாரும் படிப்பாங்க" என்றாள்.

அதில் என்ன வெட்கம் என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை. அவள் சொன்னாள். கிராமத்தில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லையாம். ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் காவிரித் தண்ணீர்ப் பிரச்சினை டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்ததாம். இவள் போன் பேசியதைக் கேட்டுவிட்ட பையன்கள், பார்க்கும் இடத்திலெல்லாம் "எங்களுக்குத் தண்ணி எப்ப வுடுவீங்க?" என்று கேட்பார்களாம். குடிதண்ணீர்க் குழாய்க்கு இவள் போனால், "இது எங்க தண்ணி" என்று குழாயை மூடுவார்களாம். விளையாட்டுக்குத்தாங்க மிஸ், என்று அவளே சமாதானமும் சொன்னாள். இங்கே அவள் ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் இருந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அப்படி இருக்க நினைத்த பெண்ணின் அம்மாவைத்தான் நான் வகுப்பு நடுவில் நிறுத்தி, செய்தி வாசிக்க வைத்துச் சிரித்தேன்.

"சரி, உங்கம்மா புழுகிட்ட நெஜமாவே என்னதான் சொல்லுவாங்க?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தின்ரப்பா, தின்ரப்பா" என்றாள். "அவ்ளோதாங்க மிஸ். வேற ஒண்ணும் சொல்லாது. இலையப் போட்டுக்கிட்டே அதையே சொல்லிக்கிட்டிருக்கும்." சொல்லும்போது அவள் குரல் அவளுடையதாக இல்லை, புங்க மரத்தடியில் கேட்டேனே, அந்தக் குரலாக இருந்தது. தின்னுங்கப்பா என்று கன்னடம் தெரியாதவர்களுக்கும் புரிகிற வார்த்தை. ஒரு தாய் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகளிடம் சொல்வது.

இதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள். அதை நான் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்றதற்கெல்லாம் தெரியாமல் செய்தேன் என்று ஒரு சாக்கு சொல்லலாம், இதற்குச் சொல்ல முடியாது.

"மிஸ், மாத்தி எழுதட்டுங்களா? அம்மா சொல்ற மாதிரியே. பரவால்லைங்க, யாரு சிரிச்சாலும். கடைசி நாளுக்கு அம்மா வருது. அது கேக்கும்போது அதோட பேச்சு இருக்கட்டுங்க மிஸ்."

அவள் அந்தத் துணிச்சலை எங்கிருந்து எடுத்தாளோ தெரியாது. மதியம் அம்மா கையால் சாப்பிட்டதிலிருந்தோ என்னவோ. நான் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப எப்படிம்மா மாத்தறது? புத்தகம் அச்சுக்குப் போயிருச்சே" என்றேன். நிறைவு விழாவுக்குப் பிள்ளைகள் எழுதியதைச் சிறு புத்தகமாகப் போடுவதாக ஏற்பாடு. அது உண்மையில் அச்சுக்குப் போகவில்லை. டி.டி.பி. செய்கிற பையனிடம் இருந்தது. ஒரு போன் செய்தால் அந்தப் பக்கத்தை மாற்றியிருப்பான். "இதுவே நல்லா இருக்குது. எழுத்துல கொஞ்சம் கற்பனை இருக்கலாம், தப்பில்ல" என்றும் சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுது என்று சட்டம் போட்டவள் வாயிலிருந்துதான் இது வந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னை நானே நூறு முறை கேட்டாயிற்று. வாட்ஸ்அப் குழுவுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் ஒன்று. பொறுப்பாளர் அந்தப் பக்கத்தைச் சிறப்பு விருந்தினர் முன்னால் அவளை வாசிக்க வைக்கப் போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார், அது இன்னொன்று. ஆனால் அடியில் கிடந்தது இதெல்லாம் இல்லை. எனக்கு அந்த மஞ்சள் புடவைக்காரரின் பேச்சுதான் பிடித்திருந்தது. அது என் கதைகளில் வருகிற பேச்சு. "தின்ரப்பா" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய்ப் பெருமையடிப்பது? அந்தப் பெண்ணுடைய அம்மாவை விட என் ரசனைக்கு ஒத்த அம்மாவே மேல் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அவள் வற்புறுத்தவில்லை. "சரிங்க மிஸ்" என்றாள். அதன் பிறகு வந்த நாட்களில் நான் என்ன எழுதச் சொன்னாலும் எழுதினாள். எல்லாம் பிழையில்லாமல் இருந்தது, எல்லோருடைய அம்மா அப்பாவும் நான் விரும்புகிற மாதிரியே பேசினார்கள். எதிலும் அவள் இல்லை. அதைப் பார்த்தும் நான் டி.டி.பி. பையனுக்குப் போன் செய்யவில்லை.

நிறைவு விழா பள்ளி அரங்கத்தில் நடந்தது. தகரக் கூரை அனலைக் கொட்டியது, மின்விசிறிகள் பேருக்குச் சுற்றின. வாசிக்கப் போகிற பிள்ளைகளின் பெற்றோரைப் பொறுப்பாளர் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். ஊதாப் புடவை அம்மா அன்று புதிதாக ஒரு பச்சைப் புடவையில் வந்திருந்தார், தலையில் சாமந்தி. பெரிய மனிதர்கள் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்களே என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வரிசை பின்னால் கம்பைநல்லூர் அம்மா.

அவள் மேடையேறி வாசித்தாள். திக்கவில்லை, தடுமாறவில்லை. பவுடரு கிவுடரு என்ற இடத்தில் அரங்கம் சிரித்தது. "ஒரு வாயி தின்னுட்டுப் படுத்துக்கலாம்" என்ற இடத்தில் சிறப்பு விருந்தினர் தலையை ஆட்டி ரசித்தார். பின்வரிசையிலிருந்து, "அட, எங்கூட்டுப் பேச்சாட்டமே இருக்குதே!" என்று கம்பைநல்லூர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி வாய்விட்டுச் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. நான் ஓரமாக நின்றுகொண்டு முன்வரிசையை மட்டுமே பார்த்தேன். பச்சைப் புடவை அம்மா கண்ணை மேடையை விட்டு எடுக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் உதடு லேசாகப் பிரிந்தது. சிரித்தார், ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைத்தட்டலில் கடைசியாக நிறுத்தியதும் அவர்தான். எனக்கு உயிர் வந்தது. பிடித்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சு விட்டேன்.

விழா முடிந்து எல்லோரும் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டிருந்த சமயம் அவர் என்னைத் தேடி வந்தார். கூட மகள். கையில் அந்தச் சிறு புத்தகம்.

"பாப்பா நல்லாப் படிச்சுதுங்க. நீங்க நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கறீங்க."

"அவதாங்கம்மா எழுதுனது" என்றேன்.

"ஒண்ணு கேக்கலாங்களா? தப்பா நெனைக்காதீங்க." புத்தகத்தின் அட்டையைத் தடவினார். "அது எந்த ஊரு அம்மாங்க? எங்கள மாதிரியே புழு வளக்கறாங்க போலருக்குது. கையக் கழுவறது, பவுடரு ஆகாதுன்றது அல்லாம் எங்கூட்ல செய்யற மாதிரியேதான் இருக்குதுங்க. நல்லவங்க. புள்ளைங்ககிட்ட எவ்ளோ பிரியமாப் பேசறாங்க. எனக்கெல்லாம் அப்படிப் பேச வராதுங்க."

நீங்கதாம்மா அது. இந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், பிறகு ஏன் என் வாயில் வேறொருத்தி பேச்சை வைத்தீர்கள் என்று அவர் கேட்பார். கேட்க மாட்டார், அது இன்னும் மோசம், சும்மா நிற்பார். பொறுப்பாளர் தூரத்திலிருந்து குரூப் போட்டோவுக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அது சும்மா கதைங்கம்மா" என்றேன். "கற்பனை."

அவர் நம்பாத மாதிரி மகள் பக்கம் திரும்பினார். "ஹவுதா?" என்று கேட்டார். அப்படியா என்று. தணிந்த குரலில், அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டுமாக.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். பாடத்தில் சந்தேகம் வந்தால் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில், தமிழில் சொன்னாள்: "ஆமாம்மா. மிஸ் சொன்னாங்கல்ல. சும்மா எழுதுனது."

அம்மா ஒரு கணம் மகளையே பார்த்தார். இதற்கு முன்னால் எப்போதாவது இவள் அம்மாவிடம் தமிழில் பேசியிருப்பாளா என்று யோசித்தேன். அவர் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். மகளிடம் திரும்பி, என்னிடம் பேசினாரே, அதே மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து வைத்து, அவரும் தமிழிலேயே பேசினார்.

"சரி. பொட்டிய எடுத்துக்க. பஸ்ஸு வந்துரும்."

கேட்டைத் தாண்டுகிற வரை இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டு போனார்கள்.